உப்புக்கோட்டையின் கடைசி வசனம்

குருக்கபாளையத்தில் தறிச் சத்தம் காணாமல் போனது ஒரு புதன்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு. அந்த நேரத்தில் தன் இ-சேவை மையத்தின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, இருபது வருஷத்துக்கு முந்தைய ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டின் கடைசி வசனத்திலிருந்து இரைச்சலை நீக்கிக்கொண்டிருந்த கோகிலவாணிக்குத்தான் அது முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் காதில் ஹெட்போன் மாட்டியிருந்ததால் ஊரிலேயே கடைசியாகத் தெரிந்துகொண்டவள் அவள்தான்.

காவிரிக் கரையில் ஆயிரத்து நானூறு விசைத்தறிகளுக்கு இடையே மனிதர்களுக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கிய ஊர் அது. பொங்கலுக்கு இரண்டு நாள், தீபாவளிக்கு இரண்டு நாள், மாரியம்மன் பண்டிகைக்கு மூன்று நாள் என்று வருஷத்தில் ஏழு நாள் தறி நிற்கும். அந்த ஏழு நாளும் கோயில் ஒலிபெருக்கி அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். மற்றபடி பிறந்த பிள்ளை முதலில் கேட்பதும் தறிச் சத்தம், கண்ணை மூடுகிறவர் கடைசியாகக் கேட்பதும் தறிச் சத்தம் என்று மூன்று தலைமுறையாக ஓடிக்கொண்டிருந்தது. அங்கே பேச்சு என்பது பாதி கத்தல், பாதி கைஜாடை, மீதியெல்லாம் தலையாட்டல். எதிரில் இருப்பவர் வாய் அசைந்தால் தலையாட்டிவிடுவது குருக்கபாளையத்து மரியாதை. என்ன சொன்னீர்கள் என்று திருப்பிக் கேட்டால் பாவம் அவர் இன்னொரு தடவை தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்குமே என்கிற இரக்கம்தான் காரணம். வெளியூரிலிருந்து கல்யாணமாகி வரும் பெண்கள் ஒரு மாசத்தில் அந்த வீட்டுக் குழம்பையும் மூன்று மாசத்தில் இந்தத் தலையாட்டலையும் கற்றுக்கொண்டுவிடுவார்கள்.

அந்த ஊரில்தான் உப்புக்கோட்டை பிறந்தது. விசைத்தறிப் பட்டறைக்காரர் மகன் மோகனரங்கம் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, வேலை கிடைக்கிறவரை சும்மா இருக்கக் கூடாதென்று ஒரு விளையாட்டைச் செய்தான். செவ்வந்தி என்று ஒரு பெண், உப்பு விற்கிறவள், மழை வந்தால் கரைந்துவிடும் ஒரு கோட்டைக்குள் போய் ஏழு கதவுகளைத் தட்டி, ஏழாவது கதவுக்குப் பின்னால் இருக்கும் மகாராணியைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் கதை. குரல் கொடுக்க நடிகர்களுக்கு எங்கே போவது? ரேஷன் கடை எடையாளர் முதல் கதவுக் காவலன் ஆனார், ஆட்டுக்கறிக் கடைக்காரர் மூன்றாம் கதவுப் பூதம் ஆனார், பால்வாடி டீச்சர் ஐந்தாம் கதவுக் கிளியானார். மகாராணிக்கு மட்டும் தேடவே வேண்டியிருக்கவில்லை, ஏனென்றால் அவன் அப்பா பட்டறையில் தார் சுற்றும், அதாவது தறி நாடாவுக்கு நூல் சுற்றித் தரும் பாவாயிக்கு, பதினெட்டுத் தறி ஓடும்போதும் தெருமுனை வரை கேட்கும் குரல் இருந்தது. பட்டறைக்குள்ளேயே நூல் மூட்டை அடுக்கும் அறையில் மைக்கை வைத்து எல்லோரையும் பேசவைத்தான். ஈரோட்டில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு முந்நூறு குறுந்தகடுகள் இலவசமாகப் போயின. அதற்குள் மஸ்கட்டில் வேலை கிடைத்து மோகனரங்கம் போய்விட்டான்; விளையாட்டை அவன் மறந்தான், உலகமும் மறந்தது.

கோகிலவாணி மறக்கவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறி, தெருவில் தலைகாட்ட வெட்கப்பட்டுக் கிடந்த கோடையில், அப்பா வாங்கிய கம்ப்யூட்டரோடு அந்தத் தகடு வந்தது. மூன்றாம் கதவுப் பூதம், செவ்வந்தி பக்கத்தில் போகும்போதெல்லாம், "ஏம் புள்ள, சோறு தின்னயா?" என்று கேட்கும். விளையாட்டுகளில் பூதங்களுக்கு ஒரே ஒரு வசனம்தான் எழுதியிருக்கும். எத்தனை தடவை போனாலும் அதையேதான் சொல்லும். கோகிலவாணி அந்தக் கோடை முழுக்க அந்தப் பூதத்துக்குப் பக்கத்திலேயே போய்ப் போய் நின்றாள். வீட்டில் யாரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசாத அந்த நாட்களில், தினம் நூறு தடவை அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டது அது ஒன்றுதான், அதற்காக அவள் சாகும்வரை நன்றியோடு இருப்பாள்.

பின்னாளில் இணையத்தில் தேடியபோது உலகத்தில் இன்னும் பத்துப் பேருக்கு உப்புக்கோட்டை நினைவிருப்பது தெரிந்தது. அவர்களில் தூத்துக்குடித் துறைமுகத்தில் லாரி எடைபோடும் ஸ்டான்லி பர்னாந்துதான் தீவிரமானவன். பதினொரு பேரும் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்துக்கொண்டார்கள். தகடுகள் பூஞ்சை பிடித்துக்கொண்டிருந்தன, புதுக் கம்ப்யூட்டர்களில் விளையாட்டு ஓடவில்லை, குரல் கொடுத்தவர்களில் நான்கு பேர் இறந்துபோயிருந்தார்கள். ஆகவே அறுநூற்று நாற்பத்தோரு வசனங்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, எழுதிவைத்து, பேசியவர் பெயர் குறித்து, பின்னால் அரைகுறையாகக் கேட்கும் தறி இரைச்சலை நீக்கிச் சேமிப்பதென்று முடிவானது. ஏன் இதையெல்லாம் செய்கிறாய் என்று கோகிலவாணியின் கணவர் ஒரு தடவை கேட்டார். தறி ஓடிக்கொண்டிருந்ததால் அவள் தலையாட்டிவிட்டாள்.

வரிசைப்படியே எடுத்ததால் கடைசி வசனத்தைக் கடைசிவரை தொடவில்லை. ஏழாவது கதவு திறந்து மகாராணி வாய் அசைப்பாள்; பன்னிரண்டு நொடி தறிச் சத்தம் மட்டும் கேட்கும்; கோட்டை கரையும்; முற்றும். அந்தப் பன்னிரண்டு நொடிக்குள் என்ன இருக்கிறது என்று குழுவில் ஏழு வருஷமாகச் சண்டை. மகாராணி செவ்வந்தியைச் சபிக்கிறாள் என்றார் ஒருவர், கோட்டைச் சாவியைத் தருகிறாள் என்றார் இன்னொருவர், மகாராணிதான் செவ்வந்தியின் தாய் என்று ஸ்டான்லி நாற்பது பக்கத்துக்கு எழுதி அனுப்பினான். இதன்பொருட்டு இரண்டு பேர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போய், போன இடத்தில் பேச ஆளில்லாமல் திரும்பி வந்தார்கள்.

அந்தப் புதன்கிழமை ஸ்டான்லியைப் போனில் வைத்துக்கொண்டு கோகிலவாணி இரைச்சலை நீக்கும் பொத்தானை அழுத்தினாள். பன்னிரண்டு நொடியும் கழுவி எடுத்ததுபோல் வந்தது. பாவாயக்காவின் குரல், இருபது வருஷத்துக்கு முந்தைய குரல், வழக்கத்துக்கு மாறாக மெல்ல, ஆனால் தெளிவாகச் சொன்னது: "ஏனுங், அந்தத் தறியக் கொஞ்சம் நிறுத்துங்க. நான் பேசி முடிச்சுக்கறேன்."

அவ்வளவுதான். அதற்கப்புறம் யாரும் தறியை நிறுத்தாததும், அவள் பேசாமல் காத்திருந்ததும் மட்டும் இருந்தன. கோகிலவாணி திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். போனில் ஸ்டான்லி, "இதுக்கா அக்கா நாம ஏழு வருசம் அடிச்சிக்கிட்டோம்?" என்றான்.

ஹெட்போனைக் கழற்றியபோது தெருவில் ஊரே நின்றது. எல்லோரும் மின்சாரம் போய்விட்டதென்று டிரான்ஸ்பார்மரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மின்சாரம் போகவில்லை என்று லைன்மேன் மேலேயிருந்து சொன்னார். அவர் சாதாரணமாகச் சொன்னதே கீழே கேட்டது, அதுதான் எல்லோரையும் திடுக்கிடவைத்தது. பட்டறைக்குள் போய்ப் பார்த்தால் தறிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. நூல் ஏந்திய நாடா இடமும் வலமும் பறந்தது, துணி அங்குலம் அங்குலமாகச் சுருண்டது, தரை அதிர்ந்தது, சத்தம் மட்டும் இல்லை. தறிகாரர்கள் எண்ணெய் போட்டுப் பார்த்தார்கள். கொஞ்சம் தட்டிப் பார்த்தார்கள். பிறகு பாவு அறுந்த இரண்டு தறியில் நூலை முடிச்சுப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

முதல் மூன்று நாள் ஊர் கத்திக்கொண்டேதான் இருந்தது, பழக்கம் அப்படி. புருஷன் பெண்டாட்டி சண்டை நான்கு தெருவுக்குக் கேட்டது, சண்டையின் நடுவில் அடுத்த தெருவிலிருந்து யாராவது நியாயம் சொன்னார்கள். நான்காம் நாள் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சு வீடு வீடாகப் போய், எப்படி மெதுவாகப் பேசுவது என்று செய்து காட்டினார். சத்தமில்லாமல் கைக்குழந்தைகள் தூங்க மறுத்தன. தாய்மார்கள் பள்ளிபாளையத்திலிருக்கும் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு, கொஞ்ச நேரம் போனைத் தறிப் பக்கம் வைக்கச் சொல்லி, அதைப் பிள்ளையின் காதோரம் வைத்துத் தூங்கவைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர், பதினேழாம் வாய்ப்பாட்டைப் பிள்ளைகள் பல வருஷமாகத் தப்பாகச் சொல்லிவந்திருப்பதையும், அதைத் தாம் பல வருஷமாகப் பாராட்டிவந்திருப்பதையும் அறிந்து, இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டார். மாரியம்மன் கோயில் மணி விரிசல் விட்டிருந்தது தெரியவந்தது. தறிக் காலத்தில் பறவையே இல்லாத ஊர் என்று நினைத்திருந்தவர்கள், புளியமரத்தில் இத்தனை வகை இருப்பதைக் கேட்டு, இவற்றுக்கெல்லாம் இத்தனை வருஷம் யார் பதில் சொன்னார்கள் என்று வியந்தார்கள்.

அதற்கப்புறம் தலையாட்டல்கள் வெளியே வந்தன. ஒருவர் தன் பங்குக் கிணற்றைத் தம்பிக்கு விட்டுத்தரத் தலையாட்டியிருந்தார், அவருக்கே தெரியாது. ஒருத்தி எட்டு வருஷமாக மாமியாருக்கு வெல்லம் போட்ட காப்பி கொடுத்துவந்தாள். மாமியாருக்கு வெல்லமே ஆகாது, முதல் நாள் கேட்டபோது தலையாட்டியதோடு சரி. ஒரு பெண்ணுக்கும் பையனுக்கும் நிச்சயம் செய்த பெரியவர்கள் நான்கு பேரும், பேச்சை ஆரம்பித்தது எதிர்ப்பக்கம் என்றே இருபுறமும் நினைத்திருந்தார்கள். இந்த மாதிரிச் சிக்கல்களைத் தீர்க்க விசைத்தறி உரிமையாளர் சங்கத் தலைவர் சென்னியப்பன் கல்யாண மண்டபத்தில் ஒரு மேஜையும் நாற்காலியும் போட்டு, காலையில் பத்திலிருந்து ஒன்றுவரை உட்கார்ந்தார். வரிசை நின்றது. பாதிக்கு மேற்பட்டவர்கள், தலையாட்டியது ஆட்டியதாகவே இருக்கட்டும் என்று சமாதானமாகிப் போனார்கள்.

ஆனால் துணி கெட்டுக்கொண்டிருந்தது. நூல் அறுந்ததைத் தறிகாரன் கண்ணால் பார்ப்பதில்லை, சத்தம் மாறுவதை வைத்துத்தான் திரும்பிப் பார்ப்பான். சத்தமே இல்லாதபோது முழம் முழமாக ஓட்டைத் துணி இறங்கியது. ஈரோட்டு வியாபாரிகள் கட்டுகளைத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது வாரம், நின்றுவிட்டதென்று நினைத்து ஓடும் தறிக்குள் கைவிட்ட தறிகாரன் சுப்பராயனுக்கு இரண்டு விரல் போயிற்று. அன்றைக்கு மண்டபத்து மேஜையில் வரிசை இல்லை, எல்லோரும் ஒரே கூட்டமாக வந்தார்கள்.

கோகிலவாணி அந்தக் கூட்டத்தில் எழுந்து நடந்ததைச் சொன்னாள். பொத்தானை அழுத்தியதையும், பயந்துபோய்ச் செய்ததை ரத்துசெய்யும் பொத்தானைப் பதினான்கு தடவை அழுத்தியதையும், கோப்பில் இரைச்சல் திரும்பியும் ஊரில் திரும்பாததையும் சொல்லி, மடிக்கணினியில் அந்தப் பன்னிரண்டு நொடியை ஓடவிட்டாள். கூட்டம் கேட்டது. இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டது. யாருக்கும் ஆச்சரியமில்லை. பாவாயி நிறுத்தச் சொன்னாள், நின்றுவிட்டது. இதில் என்ன குழப்பம் என்றார்கள். இருபது வருஷம் கழித்தா என்று கோகிலவாணியின் கணவர் மட்டும் கேட்டார். பட்டா மாறுதலுக்கு மனுக் கொடுத்து இருபத்திரண்டு வருஷமாகக் காத்திருக்கும் ஊருக்கு அது ஒரு தாமதமாகவே தோன்றவில்லை. பேசி முடிக்கிறவரைக்கும் நிறுத்தச் சொல்லியிருக்கிறாள், பேசி முடித்தால் சத்தம் வந்துவிடும், ஆகவே பேசி முடிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டு, கோகிலவாணி கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

பாவாயக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இன்னும் அதே பட்டறையில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். முப்பது வயதிலேயே காது போய்விட்டது, பக்கத்தில் வந்து கத்தினால் கொஞ்சம் கேட்கும். தீர்மானத்தைக் கோகிலவாணி கத்திப் படிக்க ஆரம்பித்தபோது, "எதுக்கு அம்மிணி இந்தக் கத்து கத்தற?" என்றாள் அவள். "காதுக்குள்ள ஓடிட்டிருந்த தறியும் நின்னுபோச்சு. சோறு கொதிக்கறது கேக்குது. என்ர செருப்பு கேக்குது. நேத்து ஒரு பல்லி கத்துச்சு, அதுக்கு எந்திரிச்சு உக்காந்துட்டேன்."

மகாராணி என்ன பேச வேண்டியிருந்தது என்பது அவளுக்கு நினைவில்லை. அந்தப் பையன் ஒரு தாளைப் படித்துச் சொன்னான், வாயைப் பார்த்து மனப்பாடம் செய்தேன், பேசப் போகும்போது தறிச் சத்தத்தில் மிச்சமிருந்த காதும் அடைத்துக்கொண்டது, நிறுத்தச் சொன்னேன், சரி சரி என்று தலையாட்டினான், முடிந்தது என்று சொல்லி ஒரு பாக்கெட் பிஸ்கட் கொடுத்தான், அத்தோடு சரி என்றாள். மஸ்கட்டுக்குப் போன் போட்டால், மோகனரங்கம் தனக்கும் நினைவில்லை என்றும், இதனால் தனக்குச் சட்டச் சிக்கல் ஏதும் வருமா என்றும் கேட்டான். பதினொரு பேர் குழு உடனே வேலையில் இறங்கி, மகாராணிக்கு ஏற்ற நடையில் ஒன்பது விதமான வசனங்களை எழுதி அனுப்பியது. கோகிலவாணி ஒன்பதையும் வாசித்துக் காட்டினாள். நல்லா இருக்குது, யாருக்குச் சொல்றது இதெல்லாம் என்று கேட்டுவிட்டுப் பாவாயக்கா வேலையைப் பார்த்தாள். பேசி முடிக்க அன்றைக்கு வரவில்லை, மறுநாளும் வரவில்லை. பேசி முடித்தால் தன் காதும் பழையபடி மூடிக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஊருக்கும் தெரிந்திருந்தது, ஆனால் சுப்பராயனின் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு யாரும் அதைப் பேசவில்லை.

மூன்றாம் நாள் அவளே இ-சேவை மையத்துக்கு வந்தாள். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு கசங்கிய தாளை எடுத்து, அதில் இருக்கும் நம்பருக்குப் போன் போடச் சொன்னாள். அவள் மகள் துளசிமணியின் நம்பர். துளசிமணி கோகிலவாணியோடு படித்தவள்; பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தறிகாரனோடு மும்பைப் பக்கம் பிவண்டிக்குப் போனவள், போனவள் போனவள்தான். சொல்லாமல் ஓடிப்போனாள் என்றுதான் ஊர் பேசியது, பாவாயக்காவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். நம்பர் யார் மூலமோ வந்து ஐந்து வருஷமாக முடிச்சில் இருந்தது. கேட்காத காதை வைத்துக்கொண்டு போனில் என்ன பேசுவது?

மணி அடித்தது. எடுத்தது துளசிமணிதான். நல்லா இருக்கயா என்ற விசாரிப்பு முடிவதற்குள் பாவாயக்கா கேட்டுவிட்டாள், ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமே கண்ணு என்று.

"சொல்லாமயா போனேன்?" என்றது போன். "பட்டறை வாசல்ல பையோட வந்து நின்னு, அம்மா நான் போகட்டுமான்னு கேட்டேன். நீ போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பையக் கீழ வெச்சிருப்பேன். நீ என்னை நல்லாப் பாத்து, தலையாட்டுன."

போன் வைக்கப்பட்டது. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. பாவாயக்கா எழுந்து போகாமல், ஆதார் திருத்தத்துக்குக் காத்திருந்தவர்களோடு பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கோகிலவாணிக்கு அவள் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை. தான் அழுத்திய ஒரு பொத்தானால்தான் இவள் இதைக் கேட்க நேர்ந்தது என்று மனசு அறுத்துக்கொண்டே இருந்தது. கேட்காமலே போயிருந்தால் ஒரு கோபம் மட்டும்தானே மிஞ்சியிருக்கும்.

எழுந்தபோது பாவாயக்கா சொன்னாள், "ஞாயித்துக்கிழமை பேசி முடிச்சர்றேன்னு சென்னியப்பங்கிட்டச் சொல்லு. ஆனா துளசி போன்ல இருக்கோணும். அவ இல்லாம மகாராணி வாய் தொறக்க மாட்டா."

நான்கு நாளில் முப்பது தடவை கூப்பிட்டும் துளசிமணி எடுக்கவில்லை. கடைசியில் கோகிலவாணி, பத்தாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்ற உரிமையில், தறி நின்ற கதையையும் சுப்பராயன் விரலையும் உப்புக்கோட்டையையும் ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பினாள். சனிக்கிழமை மாலை பதில் வந்தது: கேட்கிறேன், பேசமாட்டேன். அதைக் காட்டப் போனபோது கோகிலவாணி மனசில் இருந்ததையும் சொன்னாள். நீங்கள் பேசி முடித்ததும் காது மூடிக்கொள்ளும், அவள் மனசு மாறி ஏதாவது சொன்னாலும் உங்களுக்குக் கேட்காது, அதனால் ஒரு வாரம் பொறுங்கள், அவளை முதலில் பேசவைக்கப் பார்க்கிறேன் என்றாள். ஊர் பொறுக்காது என்பது அவளுக்கும் தெரியும், இருந்தாலும் சொன்னாள்.

"அவ பதினாறு வருசமா என்ர பதிலுக்குக் காத்துட்டு இருந்தா. இனி நான் காத்துக்கறேன்" என்றாள் பாவாயக்கா.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அதே நூல் மூட்டை அறையில் மைக் வைக்கப்பட்டது. சத்தம் வந்தால் உடனே தெரிய வேண்டும் என்பதால் ஊரில் ஆயிரத்து நானூறு தறியையும் ஓட்டச் சொல்லியிருந்தார் சென்னியப்பன். அவை ஓடிக்கொண்டிருந்தன, ஒரு சத்தமில்லை. பண்டிகைக்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்டும் சவுண்டு சர்வீஸ்காரர் யாரும் சொல்லாமலே வந்து, பட்டறைக் கூரையில் இரண்டு குழாய்களைக் கட்டி, மைக்கையும் கோகிலவாணியின் போனையும் அதில் இணைத்திருந்தார். வாசலில் ஊர் உட்கார்ந்திருந்தது. இன்னொரு போனில் ஸ்டான்லியும் மற்ற ஒன்பது பேரும் இருந்தார்கள். குறுக்கே பேசினால் குழுவை விட்டு நீக்கிவிடுவேன் என்று ஸ்டான்லி மற்றவர்களை எச்சரித்திருந்தான். கோகிலவாணி பதிவுப் பொத்தானை அழுத்தினாள். துளசிமணியின் போன் எடுக்கப்பட்டது, மூச்சு மட்டும் கேட்டது.

பாவாயக்கா மைக்கைப் பார்த்தாள், பிறகு போனைப் பார்த்தாள்.

"ஏழு கதவுலயும் நின்னு கூப்பிட்டயாமா" என்றாள். "எனக்குக் கேக்கல கண்ணு. நீ வாயை அசைச்ச, நான் தலையாட்டுனேன். எல்லாத்துக்கும் அப்படித்தான் ஆட்டுவேன், உனக்கும் ஆட்டிப்போட்டேன். கேட்டிருந்தா போகாதேன்னு சொல்லியிருப்பேன். பைய வாங்கி உள்ள வெச்சிருப்பேன். இந்தக் கோட்டை கரையறதுன்னாக் கரையட்டும். உன்னைப் போகச் சொல்லி நான் சொல்லவே இல்ல." வேறு ஏதாவது இருக்கிறதா என்று தனக்குள்ளேயே தேடிப் பார்ப்பவளைப் போல அறையைச் சுற்றிப் பார்த்தாள். வாசலில் ஒரு குழந்தை இருமியது, அது நின்றது, புளியமரத்தில் என்னவோ கூவியது, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அவ்வளவுதான், முடிஞ்சுது" என்றாள்.

சத்தம் வந்தது. விட்ட இடத்திலிருந்து ஆயிரத்து நானூறு தறியும் தொடர்ந்தன, நடுவில் ஒன்றுமே நடக்காதது போல. வாசலில் இருந்த கைக்குழந்தைகள் எல்லாம் ஒரே நேரத்தில் தூங்கிப்போயின. சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தறித்தூசி என்றார். யாருக்கும் கேட்கவில்லை, எல்லோரும் தலையாட்டினார்கள். பாவாயக்கா இரண்டு காதையும் உள்ளங்கையால் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள், எழுந்து தார் சுற்றும் இடத்துக்குப் போகத் தயாரானாள்.

போன் வைக்கப்படாமலே இருந்தது. கோகிலவாணி அதைக் காதில் வைத்தாள். மூச்சா அழுகையா என்று தெரியவில்லை, தறி எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருந்தது. பொத்தான் விரலுக்குக் கீழேதான் இருந்தது. இரைச்சலை நீக்கினால் அந்த மூச்சு என்னவென்று தெரிந்துவிடும், பாவாயக்காவின் காதும் திறந்துவிடும், ஒரு நிமிஷம் போதும். வாசலில் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுப்பராயன் உட்கார்ந்திருந்தான். அவள் விரலை எடுத்துவிட்டாள். அதற்குப் பதிலாகப் போனுக்குள் வாயை வைத்து, தன்னால் ஆனமட்டும் கத்தினாள்: இங்கே தறி ஓடுது துளசி, எதுவானாலும் கத்திச் சொல்லு.

துளசிமணி பதினாறு வருஷம் பிவண்டித் தறிகளுக்கு நடுவே பேசிப் பழகியவள். அவளுக்கும் அம்மாவின் தொண்டைதான். கூரையிலிருந்த இரண்டு குழாய்களும் ஒரு தடவை கீச்சிட்டன; பிறகு அந்தக் குரல், ஆயிரத்து நானூறு தறிக்கும் மேலாக, பட்டறைக்குள்ளும் தெருவிலும் காவிரிக் கரை வரையிலும் போய் விழுந்தது.

"அம்மா, நான் வரட்டுமா?"

கோகிலவாணி அதைக் காதோடு சொல்ல எழுந்தாள். பாவாயக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். முகம் போனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கேட்டுச்சு" என்றாள். மைக்கை இரண்டு கையாலும் இழுத்து வாயருகே வைத்துக்கொண்டாள். "வா" என்றாள். அது போதவில்லை என்று நினைத்தவளாக, பட்டறையே திரும்பிப் பார்க்கும்படி இன்னொரு தடவை சொன்னாள், "வா கண்ணு."

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. கோகிலவாணி அதை நிறுத்தவில்லை.